உலகத்தான்

ஹோமர் நகரத்துக்குக் கிழக்கே
தார் தீர்ந்து, சரளை தீர்ந்து,
வெறும் சேறு சரிவிறங்கிக் கடலுக்குப் போகும் இடத்தில்
அவர்கள் ஊர்.
சிலுவையிட இரண்டு விரலா மூன்று விரலா
என்ற வழக்கில் மாஸ்கோவைப் பகைத்துக்கொண்டு
சைபீரியா, மஞ்சூரியா, பிரேசில் என்று
தலைமுறை தலைமுறையாய்ப் பெட்டி கட்டியவர்கள்
அலாஸ்காவில் நிலம் முடிந்ததும் நின்றார்கள்.

நான் படகு எஞ்சின் பார்ப்பவன்.
பதினோரு வருடமாய் ஃபியோக்திஸ்தின் படகு என் கையில்.
அவர் மனைவி உலீத்தா என் பெயரைக் கேட்டதில்லை.
ஜன்னலில் தலை நீட்டி உள்ளே சொல்வாள்:
மிர்ஸ்கோய் வந்திருக்கிறான்.
உலகத்தான்.

மிர் என்றால் உலகம்.
அதே ஓசையில் அமைதியும் உண்டு,
அந்தக் காலத்தில் எழுத்து மட்டும் வேறு என்று
எண்ணெய்க் கறை படிந்த மூடியில்
ஃபியோக்திஸ்த் விரலால் எழுதிக் காட்டினார்.
நான் எந்த எழுத்து என்று கேட்கவில்லை.
ஸ்பானர் கேட்டேன்.

கதவுக்கு வெளியே ஓர் ஆணி.
ஆணியில் நீல எனாமல் கோப்பை,
விளிம்பில் கருப்பாய் ஒரு சில்லு பெயர்ந்தது.
பள்ளிக்கூட ஆசிரியைக்கு, மாட்டு டாக்டருக்கு,
வரி அதிகாரிக்கு, எனக்கு.
அவர்கள் கோப்பைகள் உள்ளே, பூப்போட்டவை,
நான் கழுவக்கூட முடியாதவை.
கோபம் வந்ததா என்றால்,
முதல் வருடம் வந்தது.

பிறகு என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.
அர்கன்சாஸில் பாப்டிஸ்ட் போதகர்.
எங்கள் வீட்டுச் சொல் வேறு: தொலைந்தவர்கள்.
கத்தோலிக்கர், யூதர், தபால்காரர்,
ஞாயிற்றுக்கிழமை மீன் பிடித்த எல்லோரும்
அவர் நோட்டில் வரிசையாய்த் தொலைந்திருந்தார்கள்.
அன்பான சொல் என்பார். தொலைந்தது என்றால்
யாரோ தேடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்.
கத்தோலிக்கனைக் கட்டிக்கொண்ட லொரீன் அத்தையும்
அந்த நோட்டில் இருந்தாள்.
அடுத்த தெருவில்தான் வீடு.
ஒருவரும் தேடிப் போகவில்லை.

ஏழாவது வருடமோ எட்டாவதோ
உலீத்தாவின் வாக்கியத்தில் ஒரு சொல் கூடியது.
நம்ம உலகத்தான் வந்திருக்கிறான்.
அந்தக் கோடையில் மீன் வாங்க வந்த புது ஆளுக்குக்
காகிதக் கோப்பையில் தேநீர் கொடுத்தாள்.
நீலம் என் கையில்.
எனக்குப் பெருமையாய் இருந்தது. இதை
யாரிடமும் சொன்னதில்லை.

போன செப்டம்பரில் ஸினோவி வந்தான்,
அவர்களுடைய இரண்டாவது மகன்.
ஆங்கரேஜில் வேலை, லூத்தரன் பெண்,
மழித்த முகம். தாடி இருந்த இடம்
வெயில் படாத தோலாய் வெளுத்திருந்தது.
வாசற்படியில் என் அருகே நின்றான்,
உள்ளே போகலாமா என்று தெரியாமல்,
தான் பிறந்த வீட்டுக் கதவை ஆராய்ந்தபடி.
ஃபியோக்திஸ்த் வலைகளை எண்ணப் போய்விட்டார்.

உலீத்தா வந்தாள்.
உள் அலமாரியைப் பார்த்தாள், வெகுநேரம்.
ஆணியைப் பார்த்தாள்.
நீலக் கோப்பையை எடுத்து
பாவாடை ஓரத்தால் துடைத்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள்,
தேநீர் ஊற்றி, மூன்று கரண்டி தேன் விட்டு
மகன் கையில் கொடுத்தாள்.
எனக்குக் காகிதக் கோப்பை.

அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.
குடிக்கவில்லை.
பெயர்ந்த சில்லைக் கட்டைவிரலால் தடவினான்,
சின்ன வயதில் அதைக் கீழே போட்டவன்
அவனாகக்கூட இருக்கலாம்.
ஆறிப்போகும், குடி, என்றாள் ரஷ்ய மொழியில்.
அந்த அளவுக்கு எனக்குப் புரியும்.

காகிதம் நனைந்து என் விரல் சுட்டது.
ஒரே மிடறில் முடித்து, கோப்பையை நசுக்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
எஞ்சினில் இன்னும் இரண்டு போல்ட் பாக்கி.